மரமும் பறவையும் ஆன ஒரு சொல்



சாம்பலிலிருந்து எழும் பறவை தமிழ்க் கவிதைக்கும் தமிழ் மேடைக்கும் மிகப் பழகிவிட்ட ஓர் உவமை. பழகிய பொருளைத் திரும்பிப் பார்ப்பார் இல்லை. ஃபீனிக்ஸ் என்று எழுதும் கை, அச்சொல் எங்கிருந்து வந்தது, எம்மொழியில் எவ்வாறு வேற்றுமை ஏற்றது, ஆணா பெண்ணா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பறவையைப் பாடியோர் பலர்; அதன் பெயரை ஆராய்ந்தோர் சிலர். இவ்வுரை பெயரை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. குறிப்பாக, கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கு வந்தபோது அச்சொல்லுக்கு நேர்ந்தது என்ன என்பதே இங்குப் பேசுபொருள். அங்கு நேர்ந்தது எளிய ஒலிமாற்றம் அன்று. கவிஞர் சிலரும் சமய அறிஞர் ஒருவரும் ஒரு சொல்லின் இலக்கணத்தில் இடறியும் அதனால் உயர்ந்தும் நின்ற வரலாறு அது.

கிரேக்க மொழியில் 'ஃபொய்னிக்ஸ்' என்னும் சொல் ஒரு பொருளில் நிற்பதில்லை. செந்நிறச் சாயம் அது. பேரீச்சை மரமும் அது. கடலோடி வணிகம் செய்த ஃபினீசிய நாட்டவனும் அது. ஹோமரின் இலியத்தில் அக்கிலீசை வளர்த்த முதியவரின் பெயரும் அதுவே. இத்தனைக்கும் மேலாகச் சூரியனுக்குரிய அந்தப் பறவையும் அதே சொல்லால் வழங்கியது. குருதிச் சிவப்பைக் குறிக்கும் 'ஃபொய்னோஸ்' என்னும் அடைச்சொல்லோடு இதனை உறவுபடுத்துவோர் உண்டு. எகிப்தியர் ஹெலியோப்பொலிஸ் நகரில் போற்றிய 'பெனு' என்னும் நாரை வடிவப் பறவையின் பெயரே கிரேக்கர் வாயில் இவ்வாறு திரிந்தது என்பாரும் உண்டு. பின்னது கேட்பதற்கு இனிது; எனினும் மெய்ப்பிக்கப்பட்டதன்று. பறவைக் கதையில் எகிப்தின் பங்கு ஐயத்திற்கு இடமற்றது; பெயரில் அதன் பங்கு ஐயத்திற்குரியது. கதை ஒரு வழியில் வர, பெயர் வேறொரு வழியில் வந்து சேர்வது எம்மொழியிலும் நிகழ்வதே.

இச்சொல்லின் மிகப் பழைய எழுத்துச் சான்று காகிதத்திலோ தோலிலோ இல்லை; மண்ணில் இருக்கிறது. கிரேக்க நாட்டுப் பைலோஸ் அரண்மனையில், கி.மு. 1200ஐ ஒட்டிய காலத்தில், அரண்மனைக் கணக்கர்கள் பொருள்களைக் களிமண் பலகைகளில் பதிந்து வைத்தனர். அவ்வெழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்தார். பலகை ஒன்றில் தந்தம் பதித்த காலணை ஒன்று குறிக்கப்படுகிறது. அதில் பொறித்த உருவங்கள்: ஒரு மனிதன், ஒரு குதிரை, ஓர் எண்காலி, ஒரு 'பொ-னி-கெ'. இந்த நான்காம் உருவம் பேரீச்சை மரமா, சிறகுடைய புனைவிலங்கா என்பதில் அறிஞர் இன்னும் ஒருமனப்படவில்லை. அவ்வெழுத்து முறையில் பகர ஒலிக்கும் மூச்சொலி கலந்த பகரத்திற்கும் ஒரே குறிதான். ஒரு பகரத்தைக் கொண்டே பல ஒலிகளைக் குறித்துப் பழகிய தமிழருக்கு இது வியப்பளிக்காது. வியப்பளிக்க வேண்டியது வேறொன்று. அப்பலகைகள் சுடாத பச்சை மண்ணால் ஆனவை. அரண்மனை எரிந்தபோது அந்நெருப்பே அவற்றைச் சுட்டு இறுக்கி, மூவாயிரம் ஆண்டுகளுக்குமேல் காத்துத் தந்தது. நெருப்பால் பிழைத்தது சொல். பறவை பற்றிய நெருப்புக் கதையோ அப்போது பிறந்திருந்ததற்கே சான்றில்லை.

இது தனியே சொல்லத்தக்க செய்தி. பறவையைப் பற்றி விரிவாக எழுதிய பழைய கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினர். தாம் அதனை ஓவியத்தில் மட்டுமே கண்டதாகக் கூறுகிறார். ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை, தந்தை இறந்தபோது, அரேபியாவிலிருந்து வெள்ளைப்போளத்தால் முட்டை போன்றதோர் உருண்டை செய்து, அதற்குள் தந்தையின் உடலை வைத்து, ஹெலியோப்பொலிஸ் நகரத்துச் சூரியன் கோயிலுக்குச் சுமந்து வருமாம். இறகு பொன்னும் சிவப்புமாம். வடிவில் கழுகை ஒக்குமாம். நெருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. தந்தையைச் சுமக்கும் மகனே அவர் காட்டும் பறவை. தன்னை எரித்துக்கொண்டு எழும் பறவை பிற்காலத்து உரோமையர் எழுத்துகளில்தான் சிறகு விரிக்கிறது.

இனி இலத்தீன். இம்மொழி கிரேக்கச் சொல்லை இருமுறை கடன் வாங்கியது. முதன்முறை வாங்கிய காலத்தில் மூச்சொலி கலந்த பகரத்தை எழுதும் வழக்கம் உரோமையரிடம் இல்லை. வெறும் பகரத்தால் வாங்கினர். ஃபினீசியர் குடியேறி அமைத்த கார்த்தேஜ் நகரத்தானை அவர்கள் 'பொய்னுஸ்' என்றனர். அதன் வழிவந்த அடைச்சொல் 'பூனிகுஸ்'. உரோமையர் கார்த்தேஜுடன் நிகழ்த்திய மூன்று போர்களும் 'பூனிக் போர்கள்' எனப் பெயர் பெற்றது இதனாலேயே. மாதுளைக்கும் 'பூனிக் கனி' என்று அவர்கள் பெயரிட்டனர். செந்நிறத்திற்கும் அதே அடியில் ஒரு சொல் பிறந்தது. பின்னர்க் கிரேக்கக் கல்வி உரோமாபுரியில் வேரூன்றிய காலத்தில், அதே சொல்லை மூச்சொலியோடு, கற்றோர் முறையில் மீண்டும் வாங்கினர். அதுவே 'ஃபொய்னிக்ஸ்'. ஆக, போரில் எதிரியாக வந்தவனும் கவிதையில் பறந்து வந்த பறவையும் ஒரே சொல்லின் இரு பிறவிகள். முன்னது சந்தையிலும் போர்க்களத்திலும் பெற்ற கடன். பின்னது ஏட்டில் பெற்ற கடன். தமிழில் பீனிக்ஸ் என்றும் ஃபீனிக்ஸ் என்றும் இருவகையாக எழுதுவோர் தம்மை அறியாமல் உரோமையரின் இவ்விரு நிலைகளையும் நடித்துக் காட்டுகின்றனர்.

சொல் வந்தது, ஆனால் அதன் பொருள் முழுவதும் வரவில்லை. இதுவே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. இலத்தீனில் பேரீச்சை மரத்திற்குப் 'பால்மா' என்னும் சொல் முன்பே இருந்தது. மரத்தின் இடம் நிரம்பியிருந்தமையால், புதிதாக வந்த சொல் பறவையின் இடத்திலும் நாட்டவனின் இடத்திலும் மட்டுமே அமர முடிந்தது. கிரேக்கன் ஒரு சொல்லைச் சொல்லி மரத்தையும் பறவையையும் ஒருங்கே நிழலாட விட முடியும். இலத்தீனன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்ப்போன் ஒவ்வொருவனும் அச்சொல்லின் முன் ஒருகணம் நின்று, மரமா பறவையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலை இவ்வாறு உண்டாயிற்று.

தீர்ப்புச் சொன்னவர் கதைக்கு முன்னர், சொல்லின் வேற்றுமை வடிவங்களைச் சிறிது காண்பது தகும். எழுவாய் வடிவில் இச்சொல்லின் உண்மையான அடி மறைந்து நிற்கிறது. இறுதியிலுள்ள 'க்ஸ்' என்பது ககரமும் சகரமும் கூடிய கூட்டொலி. சகரம் எழுவாய்க்குரிய ஈறு. அதனை நீக்கினால் எஞ்சும் ககர ஈறே அடி. எனவே 'ஃபீனிக்ஸின்' என்னும் பொருள்படும் ஆறாம் வேற்றுமை 'ஃபொய்னீகிஸ்' என வரும். மரம் என்பது உருபேற்கும்போது மரத்தை, மரத்தின் என மாறக் கண்டவருக்கு இதில் புதுமை இல்லை. எழுவாயில் காட்டாத முகத்தைப் பெயர் மற்ற வேற்றுமைகளில் காட்டும்.

செயப்படுபொருள் வடிவம்தான் கவிஞர்க்கு விருந்து. இலத்தீன் முறைப்படி அது 'ஃபொய்னீகெம்'. ஆனால் ஓவிட், கி.பி. 8ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தம் 'உருமாற்றங்கள்' காப்பியத்தின் பதினைந்தாம் பகுதியில் இப்பறவையைப் பாடும்போது, கிரேக்க ஈறு கொண்ட 'ஃபொய்னீக' என்னும் வடிவத்தை ஆள்கிறார். கல்விச் செருக்கு என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது. கிரேக்க மணம் கமழ வேண்டும் என்னும் விருப்பம் அவரிடம் இல்லாமல் இல்லை. ஆனால் யாப்பு வேறொரு காரணத்தையும் காட்டுகிறது. அவ்விடத்தில் அடுத்து வரும் சொல் மெய்யில் தொடங்குவது. அதன் முதலசை குற்றசை. 'கெம்' என்று மகர ஒற்றில் முடிந்தால், அவ்வொற்றும் அடுத்த மெய்யும் சேர்ந்து அவ்வசையை நெட்டசை ஆக்கிவிடும். நெட்டசைக்குப் பின் ஒரு குறில் தனித்து நிற்க, அறுசீர் அடி உடையும். குறில் அகரத்தில் முடியும் கிரேக்க ஈறோ இரு குற்றசைகளை அருகருகே தந்து சீரை நிரப்புகிறது. ஒரு மெய்யைக் கைவிட்டு ஓர் உயிரைக் கைக்கொண்டதால் அடி நின்றது. வெண்பாவில் தளை தட்டாதிருக்க ஒற்றொன்றை எண்ணிப் பார்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பர். அவர்களுக்கு ஓவிடின் இடர்ப்பாடு அயலானதன்று.

அதே பகுதியில் மற்றுமொரு நுட்பம் உண்டு. பறவை என்னும் பொருளில் ஓவிட் எடுத்த பொதுச்சொல் 'ஆலெஸ்', அதாவது சிறகுடையது. அச்சொல் ஆண்பாலாகவும் வரும், பெண்பாலாகவும் வரும். ஓவிட் அதனைப் பெண்பாலாக்கித் தொடங்குகிறார். ஒருத்தி, தானே, இவள் என்று பொருள்படும் பெண்பாற் சுட்டுகளே முதலில் வருகின்றன. ஐந்து நூற்றாண்டு வாழ்வு முடிந்தபின், அசையும் பேரீச்சையின் உச்சியில் நறுமணப் பொருள்களால் கூடு கட்டி அப்பறவை உயிர் விடுகிறது. பேரீச்சையின் உச்சியில் என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் ஒரே சொல்லாய் இருந்த மரத்தையும் பறவையையும், இலத்தீனில் இரு சொல்லாய்ப் பிரிந்துவிட்ட பின்னர், ஒன்றன்மேல் ஒன்றாக அமர்த்துகிறார் ஓவிட். சொல்லில் இழந்த உறவைக் காட்சியில் மீட்ட செயல் அது.

பின்னர்க் குஞ்சு பிறக்கிறது. அப்போது அடைச்சொல் 'பர்வும்' என ஆண்பாலில் வருகிறது. பெண்பாலாயின் 'பர்வம்' என்றிருக்கும். தந்தையின் உடலிலிருந்து பிறந்தது அது. தந்தையின் கல்லறையாகிய கூட்டையே சுமந்து செல்கிறது. அன்புடையவன் என்னும் அடையும் ஆண்பாலே. இறந்தவள் பெண், ஆனால் தந்தை. பிறந்தவன் ஆண், ஆனால் இறந்தவளே அவன். உரையாசிரியர் சிலர் இதனைக் கவிஞரின் கவனக்குறைவு எனக் கருதலாம். அவ்வாறு கருத இடமில்லை. முன்னது 'ஆலெஸ்' என்னும் சொல்லின் பால். பின்னது 'ஃபொய்னிக்ஸ்' என்னும் சொல்லின் பால். இரு சொற்களின் பாலும் இலக்கணப்படி வழுவின்றியே நிற்கின்றன. காப்பியத்தின் பெயரே உருமாற்றங்கள். அங்கே உடல் உருமாறும் இடத்தில் இலக்கணமும் கூடவே உருமாறுகிறது.

மற்ற ஆசிரியர்களிடம் பால் வேறு வேறாக இருப்பதும் காணத்தக்கது. பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலின் பத்தாம் பகுதியில் ஆண்பாலில் எழுதுகிறார். உலகில் அவன் ஒருவனே என்பது அவர் தொடரின் அமைப்பு. கதையை அவர் முழுதும் நம்பினாரில்லை. கிளாடியுஸ் பேரரசர் காலத்தில், உரோமாபுரி தோன்றிய 800ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 47இல், ஃபீனிக்ஸ் என்று ஒரு பறவையைப் பொதுமன்றத்தில் மக்களுக்குக் காட்டினர் என்றும், அது போலி என்பதில் எவருக்கும் ஐயமிராது என்றும் எழுதிவைத்தார். டாசிட்டஸ் கி.பி. 34இல் எகிப்தில் அப்பறவை தோன்றியது பற்றிய பேச்சைப் பதிவு செய்கையில் 'அவிஸ் ஃபொய்னிக்ஸ்' என்கிறார். இது இருபெயரொட்டு, பனைமரம், மயிற்பறவை என்பன போன்றது. பறவை என்னும் பொதுப்பெயரான 'அவிஸ்' இலத்தீனில் என்றும் பெண்பால். சிறப்புப்பெயர் ஆணாயினும் பொதுப்பெயர் தன் பாலை அதன்மேல் போர்த்திவிடுகிறது. அடுத்த சில தொடர்களில் அவரே அதனை உயிரி என்னும் பொருள்தரும் 'அனிமல்' என்கிறார், அச்சொல் அலிப்பால். ஆணாகவும் பெண்ணாகவும் இரண்டும் அல்லாததாகவும் ஒரே பறவை ஒரே மொழியில் உலவிற்று.

தமிழில் இச்சிக்கல் எழவே எழாது. பறவை வந்தது, ஃபீனிக்ஸ் எழுந்தது என்று ஒன்றன்பாலில் முடித்துவிடலாம். சேவல், பேடை என ஆண் பெண் வேறுபாடு வேண்டுமாயின் அதற்குத் தனிப்பெயர்கள் உண்டு. தொல்காப்பியர் வினையோடு இயையும் பாலைச் சொல்லதிகாரத்தில் வைத்தார். விலங்கு பறவைகளின் ஆண்பெயர் பெண்பெயர்களைப் பொருளதிகாரத்தின் இறுதியில் மரபியலில் வைத்தார். சொல்லின் பால் வேறு, உயிரின் பால் வேறு என்று இரண்டையும் இருவேறு அதிகாரங்களில் அமைத்த தெளிவு அது. இலத்தீன் இலக்கணிகள் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மொழியைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடினர். கழுகு, சிட்டுக்குருவி போன்ற பெயர்கள் ஒரே இலக்கணப் பாலில் நின்று ஆண் பெண் இரண்டையும் குறிப்பதைக் கண்டு, அவற்றுக்கெனக் கிரேக்கரிடமிருந்து ஒரு தனிவகையையே பெற்றுக்கொண்டனர். ஃபீனிக்ஸ் அவ்வகையிலும் அடங்காது. ஆணும் பெண்ணும் உள்ள இனத்திற்கு வகுத்த விதி, ஒன்றே ஒன்றாய் நிற்கும் உயிருக்கு எவ்வாறு பொருந்தும்?

இவ்வினாவைக் கவிதைக்குள்ளேயே கொண்டுவந்தவர் ஒருவர் உளர். லாக்டான்ஷியஸ் இயற்றியதாக வழங்கும் 'ஃபீனிக்ஸ் பறவையைப் பற்றி' என்னும் 170 அடிப் பாடல், நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்ததாகக் கருதப்படுவது. அவர் கிறித்தவ அறிஞர். பாடலிலோ கிறித்துவின் பெயர் ஓரிடத்தும் இல்லை. ஆகவே ஆசிரியர் யார் என்பதில் நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. ஆறாம் நூற்றாண்டிலேயே தூர் நகரத்துக் கிரெகோரி அதனை அவருடையதாகக் குறித்திருக்கிறார் என்பது ஆதரவான சான்று. இப்பாடலின் இறுதிப் பகுதியில் கவிஞர் பறவையின் பாலை எண்ணி வியக்கிறார். பெண்ணோ, ஆணோ, இரண்டும் அன்றோ, இரண்டுமேயோ என்று நான்கு வாயில்களையும் திறந்துவைக்கிறார். இரண்டும் அன்று என்பதற்கு அவர் ஆளும் சொல், இலத்தீன் இலக்கண நூல்கள் மூன்றாம் பாலுக்கு வைத்த அதே சொல். பள்ளிக்கூடத்துச் சிறுவர் உருப்போடும் இலக்கணச் சொல் ஒன்று, காமத்தின் தளையில்லாத உயிரின் பேறாகப் பாடலில் உயர்ந்து நிற்கிறது. மணமும் புணர்ச்சியும் இல்லாமையால் அப்பறவை பேறுபெற்றது என்பதே அவர் துணிபு. இலக்கணத்தில் விடை காணாத இடத்தையே அவர் புகழாக மாற்றினார்.

இங்கிலாந்தின் பழைய ஆங்கிலக் கவிஞர் ஒருவர் இப்பாடலைத் தழுவித் தம் மொழியில் 677 அடிகளில் பாடினார். எக்சிட்டர் ஏட்டில் அது கிடைத்துள்ளது. அவர் மொழியில் பறவை என்னும் சொல் ஆண்பால். எனவே பறவை முழுதும் அவனாகவே வருகிறான். இலத்தீனின் நான்கு வாயில்களை எதிர்கொண்டபோது அவர் செய்தது ஒன்றே. அதன் இயல்பு ஆணா பெண்ணா என்பதைக் கடவுள் ஒருவரே அறிவார் என்று கூறிக் கடந்துபோனார்.

இனி, மரமா பறவையா என்று தீர்ப்புச் சொன்னவரிடம் வரலாம். அவர் தெர்த்துல்லியன்; கார்த்தேஜ் நகரத்தவர். முன்பு கண்ட 'பொய்னுஸ்' என்னும் பெயருக்குரிய மண்ணில் பிறந்தவர் என்பது ஓர் இனிய தற்செயல். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் 'உடலின் உயிர்ப்பு' பற்றி ஒரு நூல் எழுதினார். இறந்த உடல் மீண்டும் எழுமா என்பது அக்காலக் கிறித்தவருக்கு நூலறிவு சார்ந்த வினா மட்டுமன்று. அந்நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தோர் அவர்கள் நடுவே இருந்தனர். எரிக்கப்பட்டவரும் விலங்குகளுக்கு இரையானவரும் எவ்வுடலோடு எழுவர் என்று ஏளனம் செய்தோருக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உரோமாபுரிக் கிளமெந்து தம் கிரேக்க மடலில் ஃபீனிக்ஸ் பறவையை உயிர்ப்பின் அடையாளமாகக் காட்டியிருந்தார். தெர்த்துல்லியன் அதற்கு மேலும் சென்று, மறைநூலிலேயே அப்பறவை இருக்கிறது என்றார். நீதிமானை உவமிக்கும் சங்கீத வரி ஒன்று கிரேக்க மொழிபெயர்ப்பில் 'ஃபொய்னிக்ஸ்' என்று இருக்கிறது. மூலமாகிய எபிரேயத்தில் உள்ள சொல் 'தாமார்'. அது பேரீச்சை மரம்தான். தெர்த்துல்லியன் பறவை என்று கொண்டார். பின்னர் ஜெரோம் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பில் 'பால்மா' என்னும் மரமே அவ்விடத்தில் நிற்கிறது. தமிழ் விவிலியத்தில் அதே 92ஆம் சங்கீதத்தில் நிற்பது பனை.

பிழை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் பிழை நிகழ்ந்த விதம் சுவையானது. அவ்வரியின் வினை பூக்கும் என்பது. மரத்திற்குரிய வினை அது. தெர்த்துல்லியன் வினையை மாற்றவில்லை; பூக்கும் என்னும் இலத்தீன் வினையை அப்படியே வைத்துக்கொண்டு பறவையை எழுவாயாக்கினார். அவர் கையில் பறவை பூத்தது. எழுவாய்க்கும் வினைக்கும் இடையே உண்டான இந்தப் பொருத்தமின்மை பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. கவிதையையும் அதுவே பிறப்பிக்கிறது. கிரேக்கச் சொல்லுக்குள் மரமும் பறவையும் கூடிக்கிடந்ததை, அறியாமலே ஒரு தொடருக்குள் அவர் மீட்டார். ஓவிட் மரத்தின்மேல் பறவையை அமர்த்தினார்; தெர்த்துல்லியன் பறவையையே மரமாகத் தளிர்க்கவைத்தார். முன்னது தெரிந்து செய்தது, பின்னது தெரியாமல் செய்தது. அதனால் பின்னதன் அழகு குறைந்துவிடவில்லை. வாதம் குறைந்துவிட்டது என்பது மட்டும் உண்மை. மூலநூலின் சான்று என்று கொண்டுவந்தது மூலநூலில் இல்லாத ஒன்று.

அதே இடத்தில் மற்றுமோர் இலக்கண விளைவு நேர்ந்தது. பல சிட்டுக்குருவிகளைவிட மனிதர் மேலானவர் என்னும் இயேசுவின் சொல்லை நினைவூட்டி, ஃபீனிக்ஸ்களைவிடவும் மேலானவர் அல்லராயின் அதில் என்ன சிறப்பு என்று அவர் வினவுகிறார். ஃபீனிக்ஸ்கள்! உலகில் ஒன்றே உண்டு என்று யாவரும் ஒப்பிய பறவைக்குப் பன்மை வந்துவிட்டது. 'ஃபொய்னீகிபுஸ்' என்று அப்பன்மை வேற்றுமை உருபோடு நிற்கிறது. மொழி எதற்கும் பன்மை தரும். ஒன்றே ஒன்றாய் இருப்பதற்கும் தரும். அரேபியாவின் தனிப்பறவை கூட்டமாகப் பறந்த ஒரே இடம் அத்தொடர் எனலாம்.

எபிரேயத்திலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. யோபு நூலின் 29ஆம் அதிகாரத்தில், தன் நாள்கள் பெருகும் என்று யோபு கூறும் இடத்தில் வரும் 'ஹோல்' என்னும் சொல்லுக்கு வழக்கமான பொருள் மணல். ஆனால் அதே வரியில் முன்னே கூடு என்னும் சொல் வருவதால், யூத அறிஞர் சிலர் அதனை நெடுநாள் வாழும் பறவை என்று கொண்டனர். கிரேக்க மொழிபெயர்ப்பாளரோ அங்குப் பேரீச்சையின் அடிமரம் என்று எழுதினர். மணல், பறவை, மரம் என மூன்றும் ஒரே வரியில் சண்டையிட்டு நிற்கின்றன.

மரம் பறவையிடமிருந்து பெயர் பெற்றதா, பறவை மரத்திடமிருந்து பெயர் பெற்றதா? இதிலும் முன்னோர் ஒத்துப்போகவில்லை. லாக்டான்ஷியஸ் பாடலில் பறவையின் பெயரே மரத்திற்கு வந்தது. பிளினி தம் நூலின் பதின்மூன்றாம் பகுதியில், எகிப்தியப் பேரீச்சை ஒன்று பறவையோடு சேர்ந்து இறந்து மீண்டும் தானே பிறக்கும் எனக் கேட்டதை எழுதி, அம்மரத்தின் பெயரையே பறவை பெற்றதாகக் கருதப்படுகிறது என்கிறார். ஏழாம் நூற்றாண்டினரான செவில் நகர இசிதோர், செந்நிறத்தால் வந்த பெயர் என்றார். ஒப்பற்றது என்னும் பொருளில் அரேபியர் வழங்கும் சொல் என்று இன்னொரு காரணத்தையும் சேர்த்தார். பின்னது அவர் கற்பனைக்கு உரியது. பிளினியின் செய்தியில் மட்டும் மண்ணின் வாடை வீசுகிறது. பேரீச்சையின் அடியில் பக்கக் கன்றுகள் தளிர்ப்பது உழவர் அறிந்ததே. தாய்மரம் பட்டபின் கன்று நின்று வளரும். சாம்பலில்லாத மறுபிறப்பு அது.

1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இருசொற் பெயரிட்டபோது, பேரீச்சையின் இனத்திற்கு 'ஃபீனிக்ஸ்' என்றே பெயர் வைத்தார். இலத்தீனர் 'பால்மா'வுக்கு விட்டுக்கொடுத்த இடத்தைச் சொல் இவ்வாறு மீட்டுக்கொண்டது, அதுவும் இலத்தீனிலேயே. ஆனால் பால் மாறியது. இலத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பாலாதலின், பேரீச்சைக்கு அவர் தந்த அடைச்சொல் 'டாக்டிலிஃபெரா' எனப் பெண்பால் ஈறு பெற்றது. கிரேக்கத்தில் ஆணாயிருந்த மரம் தாவர நூலில் பெண்ணாயிற்று.

தமிழகத்து ஓடைக்கரைகளிலும் தரிசுகளிலும் நிற்கும் ஈச்சமரத்தின் தாவரப் பெயர் 'ஃபீனிக்ஸ் சில்வெஸ்ட்ரிஸ்'. காட்டுக்குரியது என்னும் பொருள்படும் இந்த அடைச்சொல், ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவில் நிற்கும் வகையைச் சேர்ந்தது. அதைக் கொண்டு பெயரின் பாலைச் சொல்ல முடியாது. மரத்தைக் கொண்டோ சொல்லலாம். பனையைப் போலவே ஈச்சையிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு; பேரீச்சையில் ஆண்பூவின் தூளைப் பெண்பூவில் தூவிக் காய்பிடிக்கச் செய்யும் முறையைப் பிளினியே எழுதிவைத்திருக்கிறார். துணையின்றித் தானே தன்னைப் பெறும் பறவையின் பெயரை, துணையின்றிக் காய்க்காத மரம் இன்றும் தாங்கி நிற்கிறது.